கயிறு போய் காயர் ஆகித் திரும்பி வந்த கதை

போன மாசம் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடித் தோட்டம் போடுகிறாள். "அப்பா, கோகோ பீட் ஒரு கட்டி வாங்கணும், வாங்க போலாம்" என்றாள். கடையில் வழவழப்பான உறைக்குள் செங்கல் மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தண்ணீரில் போட்டதும் ஊறிப் பெருகியது. கையில் அள்ளிப் பார்த்தேன். அட, நம்ம தென்னை மட்டைத் தூள்! எங்கள் ஊர் நார் மில் ஓரத்தில் மலை மாதிரி கொட்டிக் கிடக்குமே, மழை பெய்தால் சிவப்புத் தண்ணீராக வழியுமே, அதே தூள்தான்.

மட்டையைச் சில்லறைக் காசுக்கு வண்டியில் ஏற்றி விட்டவன் நான். அதன் தூளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியவனும் நானே. பெயர் மாறியதால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அன்றிலிருந்து இந்தப் பெயர்களைத் தோண்ட ஆரம்பித்தேன்.

நார் மில்காரர்கள் இதைக் 'காயர் பித்' என்பார்கள். அந்தக் காயர் யாருடைய சொல்? நம்ம கயிறுதான். மலையாளத்தில் கயர். 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்து இறங்கிய போர்ச்சுக்கீசியர் அந்தக் கரையில் கேட்ட சொல்லைக் 'கைரோ' என்று எடுத்துப் போனார்கள். ஆங்கிலேயர் வாயில் அது 'காயர்' ஆனது. பிறகு அந்தச் சொல் ஆலைக் கணக்கோடு நம்மிடமே திரும்பி வந்தது.

இதே வழியில் போன சொற்கள் நிறைய. மாங்காய் 'மங்கா' ஆகி 'மேங்கோ' ஆனது. பலாவுக்கு மலையாளத்தில் சக்கை. அதுதான் 'ஜாக்கா' ஆகி 'ஜாக்' ஆனது. வெற்றிலை 'பீட்டல்' ஆனது. தேக்கு 'டீக்' ஆனது. முருங்கையின் தாவரவியல் பெயரான 'மொரிங்கா'வும் நம்ம முருங்கைதான். இன்று வேலியோரத்து முருங்கைக் கீரையைப் பறிக்க ஆளில்லை. கடையில் 'மொரிங்கா பவுடர்' விலை பேசுகிறது.

நாமும் சும்மா இருக்கவில்லை. வாங்கியும் இருக்கிறோம். அன்னாசி என்பது பிரேசில் பழங்குடிகளின் சொல். பழத்தோடு சேர்ந்து போர்ச்சுக்கீசியக் கப்பலில் வந்தது. பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்துச் சொல்தான். ஆனால் அங்கிருந்தே வந்த மிளகாய்க்கு நாம் வெளிச் சொல்லை வாங்கவில்லை. 'மிளகு மாதிரி காரமான காய்' என்று நம் வழக்கப்படி பெயர் வைத்துவிட்டோம்.

பொருளோடு மட்டுமல்ல, அதிகாரத்தோடும் சொல் வரும். தாலுகா ஆபீசுக்குப் போங்கள். தாலுகா, ஜில்லா, கிஸ்தி, வசூல் எல்லாம் அரபியிலிருந்து வந்தவை. தாசில்தாரில் பாதி அரபி, பாதி பாரசீகம். நவாபு காலத்து வரிக் கணக்கில் புழங்கிய சொற்களைக் கம்பெனிக்காரன் அப்படியே வைத்துக்கொண்டான். ஊர்க் கணக்கில் நம் சொல்லாக அடங்கல் மிச்சம் இருக்கிறது.

ஆக, சொல் கடன் வாங்குவது கேவலம் இல்லை. விதையைப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் வாங்குவது மாதிரிதான். நம் மண்ணில் முளைத்தால் அது நம்முடையது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

'பெஸ்டிசைட்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் 'சைட்' லத்தீன் மொழியிலிருந்து வந்தது. கொல்வது என்று பொருள். அந்தச் சொல் தன் வேலையை ஒளிக்கவில்லை. நாம் அதற்கு என்ன பெயர் வைத்தோம்? பூச்சி மருந்து! காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, கத்தரிக்கு அடிப்பதும் மருந்து.

எங்கள் ஊரில் ஒரு தம்பி கத்தரிக் காட்டில் மூக்கில் துணிகூடக் கட்டாமல் தெளித்துக்கொண்டிருந்தான். "ஏன்டா தம்பி, முகத்தை மூடக் கூடாதா?" என்றேன். "மருந்துதானுங்க மாமா, என்ன பண்ணப் போவுது" என்றான். சாயங்காலம் வாந்தி, தலைசுற்றல், ஆஸ்பத்திரி. நல்லவேளை, பிழைத்து வந்தான். அவனை ஏமாற்றியது அந்தப் புட்டி மட்டும் இல்லை, நாம் வைத்த பெயரும்தான். அந்த ஆங்கிலச் சொல்லைப் பொருளோடு வாங்கியிருந்தால்கூட உண்மை கூடவே வந்திருக்கும்.

அதனால் நான் இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒன்று, கொல்வதைப் பூச்சிக்கொல்லி என்றும், வேம்பு, நொச்சி, ஆடாதோடை ஊறல்களைப் பூச்சிவிரட்டி என்றும் பிரித்தே சொல்வேன். மருந்து என்ற சொல்லைக் காட்டுக்குள் விடுவதில்லை. இரண்டு, கடையில் புதுப் பெயரில் எதைக் கொடுத்தாலும், "இது நம்ம ஊரில் எதுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பணம் எடுப்பேன்.

மட்டைத் தூளை இப்போது விற்பதில்லை. தன் எடையைப் போல ஐந்து மடங்கு தண்ணீர் பிடிக்கும் பொருள் அது. ஆனால் பச்சையாகப் போடக்கூடாது. கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். உப்பும் துவர்ப்பும் போகத் தண்ணீர் விட்டு அலசி, சாணக் கரைசல் தெளித்து, நிழலில் அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். கறுத்து, வாடை போய், கையில் லேசாக நொறுங்கினால் பக்குவம்.

அடுத்த முறை மகள் வீட்டுக்கு ஒரு சாக்கு கொண்டுபோனேன். "என்னப்பா இது?" என்றாள். "மக்குன மட்டைத் தூளு சாமி. உங்க கோகோ பீட்டோட சொந்தப் பேரு" என்றேன்.