சிறு கீறலென்று இருந்துவிடாதீர்கள்

வன்னியில் துணுக்காயிலோ, ஒட்டுசுட்டானிலோ, நெடுங்கேணியிலோ ஒரு பிள்ளையை நாய் விறாண்டிவிட்டதென்று கேள்விப்பட்டுப் போய் விசாரித்தால், "அது எங்கட வீட்டுக் குட்டிதானே, பல்லும் ஆழமாய்ப் படேல்லை, மஞ்சள் வைச்சுக் கட்டிவிட்டனாங்கள்" என்ற விடையே அநேகமாகக் கிடைக்கிறது. இன்னும் சிலர் பரியாரியாரிடம் பார்வை பார்த்து, கையில் நூலும் கட்டிக்கொண்டு, அத்துடன் காரியம் முடிந்ததென்று வயலுக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் அந்த நாய்க்கு நோய் இல்லாதிருப்பதனால் அவர்கள் தப்பிவிடுகிறார்கள்; தப்பியவர்களின் கதையே ஊரெங்கும் அத்தாட்சியாகப் பரவி, உண்மையாகவே நோயுள்ள நாயிடம் கடிபட்டவனையும் வீட்டிலே இருத்திவிடுகிறது.

விசர்நாய்க்கடி நோயின் கிருமி, நோயுற்ற மிருகத்தின் உமிழ்நீரில் இருந்து காயத்தின் வழியாகவோ, கண், வாய் முதலியவற்றின் மென்சவ்வின் வழியாகவோ உடம்பினுள் புகுந்து, நரம்புகளைப் பற்றி மெல்ல மெல்ல மூளையை அடைகிறது. இந்தப் பயணத்துக்குப் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதங்கள் செல்லும். சிலருக்கு ஒரு கிழமையிலும், அரிதாகச் சிலருக்கு ஓர் ஆண்டின் பின்னரும் நோய் வெளிப்படலாம். கடிபட்ட இடத்தில் கூச்சமும் நோவும், பின் காய்ச்சலும், தண்ணீரைக் கண்டாலும் காற்றுப் பட்டாலும் தொண்டை இறுகும் அவஸ்தையும் தோன்றிவிட்டால், உலகின் எந்த வைத்தியசாலையிலும் அதற்கு நிச்சயமான மருந்து கிடையாது. மரணம் ஏறக்குறைய நிச்சயம். ஆனால் கடிபட்டவுடன் உரிய சிகிச்சையைத் தொடங்கி முடித்தவருக்கோ, இது ஏறத்தாழ முற்றாகத் தடுக்கக்கூடிய நோய். தடுப்பதற்கு அவகாசம் உண்டு. வந்தபின் மாற்றுவதற்கு வழி இல்லை. இதை நினைவில் நிறுத்தாதவரை மற்ற எந்த அறிவுரையும் பயன்படாது.

பாஸ்டர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1885ஆம் ஆண்டிலேயே இதற்கான தடுப்பு மருந்தை ஒரு சிறுவனுக்கு ஏற்றிக் காட்டிவிட்டார். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். இன்று அத்தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 வரையில் வந்து நிற்கிறது. மருந்தும் இலவச வைத்தியமும் உள்ள நாட்டில் அந்த இருபதும் நிகழ்ந்திருக்க வேண்டாதவை.

நாய் மாத்திரமன்று, பூனை, கீரி, நரி, மரநாய், குரங்கு, மாடு, ஆடு ஆகியவற்றிலிருந்தும் நோய் வரலாம். குட்டிக்கு விசர் வராதென்பது பொய். வன்னியில் மாடு வளர்ப்போர் ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஒரு பசு தீனை விட்டு, ஓயாது கதறி, எச்சில் வழிய நின்றால், தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டதென்று வாய்க்குள் கையை விட்டுத் தேடுவது நம்மவர் வழக்கம். நாயின் கீழ்த்தாடை தொங்கினால், எலும்பு சிக்கியதென்று எண்ணி அதற்கும் அவ்வாறே செய்கிறார்கள். இரண்டும் விசரின் குறிகளாக இருக்கலாம். கையை விடாதீர்கள், அரச கால்நடை வைத்தியரை அழையுங்கள். அத்தகைய பசுவின் பாலைக் கறந்து உபயோகிக்கவும் வேண்டாம். காய்ச்சாமல் ஏற்கெனவே குடித்திருந்தால் அதையும் வைத்தியசாலையில் சொல்லுங்கள்.

இனி, கடிபட்டவர் செய்ய வேண்டியவை. முதலாவது, கழுவுதல். குழாயடியிலோ கிணற்றடியிலோ ஓடும் நீரில், சவர்க்காரம் போட்டு நுரைத்து, முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். காயத்தில் தங்கிய கிருமியைப் பெருமளவில் போக்குவது இதுதான். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

இரண்டாவது, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போவது. நாளைக்கல்ல, சந்தை முடிந்த பிறகல்ல, அன்றைக்கே. என்ன மிருகம், எப்போது, எங்கே கடித்தது, வீட்டு மிருகமா, ஊசி போட்டதா, இப்போது எங்கே நிற்கிறது என்பவற்றை ஒன்றும் ஒளிக்காமல் கூறுங்கள். நாய்க்கு ஊசி போட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டு செல்லுங்கள். தலை, முகம், கழுத்து, விரல்களில் பட்ட கடியும், ஆழமான கடியும், பல இடக் கடியும் பெரிய காயங்களாகக் கருதப்படும். அவற்றுக்குத் தடுப்பூசியோடு சீரம் என்னும் மருந்தையும் காயத்தைச் சுற்றி ஏற்ற வேண்டியிருக்கும். சீரம் எல்லாச் சிறு வைத்தியசாலைகளிலும் இருப்பதில்லை. ஆகவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளுக்கு அனுப்பினால் தயங்காமல் போங்கள். வாகனம் இல்லாத ஏழையிடம் கடிதத்தை மட்டும் நீட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கும் உத்தியோகத்தர்களைக் கண்டு மனம் கொதிக்கிறது. அப்படி நேர்ந்தால், நோயாளர் காவுவண்டியை ஒழுங்குசெய்து தரும்படி பொறுப்பு வைத்தியரிடம் நேரில் கேளுங்கள். கேட்டும் பயனில்லையானால், மாவட்டத்தின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு, திகதியும் நேரமும் குறித்து எழுத்தில் முறையிடுங்கள். கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும், கைக்குழந்தைக்கும் இந்தத் தடுப்பூசி போடலாம். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் போய்விட்டது. இப்போது பெரும்பாலும் புயத்தில் போடுகிறார்கள்.

மூன்றாவது, ஊசி அட்டை. தடுப்பூசி ஒரு நாளில் முடிவதன்று. முதல் ஊசி போட்ட நாளைப் பூச்சியமாகக் கொண்டு 3ஆம், 7ஆம், 30ஆம் நாட்களில் மீண்டும் போடுவது நம் நாட்டு வழக்கம். உங்கள் அட்டையில் எழுதப்பட்ட திகதியே உங்களுக்கு விதி. முதல் மூன்றுக்கும் வருவோர், காயம் ஆறிய பின்னர், அறுவடையென்றும் கூலிவேலையென்றும் சொல்லி 30ஆம் நாளை மறந்துவிடுகிறார்கள். காயம் ஆறியது நோய் போனதற்கு அடையாளமன்று. வேறு மாவட்டத்துக்குப் போக நேர்ந்தாலும் அட்டையைக் கொண்டுபோய் அங்குள்ள அரச வைத்தியசாலையில் தொடருங்கள்.

நான்காவது, கடித்த மிருகம். அதை அடித்துக் கொன்று பற்றைக்குள் எறிந்துவிடாதீர்கள். கட்டியோ அடைத்தோ, தீனும் நீரும் கொடுத்து 14 நாட்கள் கவனியுங்கள்; அது நோயுற்றாலும், செத்தாலும், காணாமற் போனாலும் அன்றே வைத்தியசாலைக்கு அறிவியுங்கள். ஒழுங்காக ஊசி போட்ட, சுகமாக நிற்கும் நாயாயின் வைத்தியர் ஊசியைத் தள்ளிவைக்கலாம். அந்தத் தீர்மானம் அவருடையது, உங்களுடையதன்று. மிருகம் செத்துவிட்டால் தலையை நீங்களே வெட்டாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கால்நடை வைத்தியருக்கோ அறிவித்தால், தலையைக் கசியாத பையிலிட்டுப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கடிபட்டவரின் விபரமும் கடித்த திகதியும் எழுதிய கடிதத்துடன், கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்ப வழிசெய்வார்கள். போமலின் ஊற்றினால் பரிசோதனை கெடும். முடிவு வரும்வரை ஊசியை நிறுத்தி வைக்காதீர்கள்.

நாய்களை உள்ளூராட்சி மன்றத்தில் ஆண்டுதோறும் பதிய வேண்டுமென்னும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலேயே வந்தது. சட்டம் ஏட்டிலிருக்க, நாய்கள் தெருவிலிருக்கின்றன. ஊசி போடும் நாளை முதல்நாள் மாலையில் ஒலிபெருக்கியில் சொல்லி, பெருந்தெருவோரத்தில் சில மணி நேரம் நின்றுவிட்டுப் போனால், உள்ளூர்க் குடியேற்றத் திட்டங்களிலுள்ள நாய்களுக்கு ஊசி போடுவது யார்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், உங்கள் கிராமத்தில் கடைசியாக எந்தத் திகதியில், எத்தனை நாய்களுக்கு ஊசி போடப்பட்டதென்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடமும் பிரதேச சபையிடமும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். கோரிக்கை கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்க மறவாதீர்கள்.

அதிகாரிகளைக் கேட்பதோடு நம் கடனும் முடிவதில்லை. இன்றே உங்கள் நாயின் ஊசி அட்டையை எடுத்துத் திகதியைப் பாருங்கள். ஓர் ஆண்டு கடந்திருந்தால் இந்தக் கிழமையே போடுங்கள். ஏச்சுக்குப் பயந்து கடியை மறைக்கும் பிள்ளைகள் அநேகர். நாய் தொட்டாலும் விறாண்டினாலும் அடிக்கமாட்டோம், உடனே சொல் என்று அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். கடித்தது எதுவாயினும், கீறல் எவ்வளவு சிறிதாயினும், கழுவுங்கள், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள், அட்டையிலுள்ள கடைசித் திகதிவரை ஊசியைப் போட்டு முடியுங்கள்.