தாயின் விரலும் மகளின் விரலும்

சென்ற மாதம் ஒரு நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் கொண்டிருந்தபோது, சாக்குக் கட்டியைப் பிடித்த ஆள்காட்டி விரல் சுரீரென்று வலித்தது. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தோம். நகத்துக்குச் சற்றுக் கீழே, கடைசிக் கணுவின் இரு புறமும் மிளகுப் பிரமாணத்தில் இரண்டு சிறு முண்டுகள் கிளம்பியிருந்தன. அமுக்கிப் பார்த்தால் எலும்பைப் போல் கெட்டி. இதை எங்கே பார்த்திருக்கிறோம் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. எதிரே உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக் கொண்டிருந்த நம் தாயாரின் விரலில், அதே கணுவில், அதே முண்டுகள் இருபது வருஷமாக இருக்கின்றன!

உடனே வீட்டில் விசாரணை ஆரம்பமாயிற்று. "ஆட்டுக்கல்லிலும் அம்மியிலும் உழைத்த கை, வேறெப்படி இருக்கும்?" என்றார் அம்மா. ஆனால் நம் சித்தி கல்யாணமான நாள் முதல் மின்சார அரைவை யந்திரத்தைத் தவிர வேறொன்றையும் அறியாதவர். அவருடைய விரல்களிலும் இந்த முண்டுகள் உண்டு. பச்சைத் தண்ணீரில் ஓயாமல் கை வைத்ததால் வந்தது என்றார் பக்கத்து வீட்டு மாமி. சதா நெட்டி முறிப்பதால் வந்தது என்றது இன்னொரு கட்சி. கடைசியில் பெரியம்மா தீர்ப்புச் சொன்னார்: "இது நம் வம்சத்துக் கை. வருவது வந்துதான் தீரும். என்ன செய்ய முடியும்?"

இந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. வம்சத்தால் வருகிறது என்பது ஒன்று. ஆகையால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் உண்மை. இரண்டாவது உண்மையல்ல. அதை நம்பிப் பெரும் நஷ்டம் அடைந்த குடும்பங்களும் உண்டு.

லண்டன் வைத்தியரின் முடிச்சு

பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் பெயர் பெற்று விளங்கிய வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் (1710-1801). நோயாளிகளிடம் கண்டதையெல்லாம் பொறுமையாகக் குறித்து வைப்பது அவர் வழக்கம். அவர் காலமான பிறகு 1802-இல் வெளியான அந்தக் குறிப்புகளில், விரல் நுனிக் கணுவில் பட்டாணி அளவில் தோன்றும் முடிச்சுகளைப் பற்றியும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. 'கௌட்' என்னும் வாதத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை என்று அவர் பிரித்துச் சொன்னார். இன்றும் வைத்திய உலகில் இவற்றுக்கு 'ஹெபர்டன் முடிச்சு' என்றே பெயர். நடுக் கணுவில் தோன்றுபவை பூஷார் என்ற பிரெஞ்சு வைத்தியரின் பெயரைப் பெற்றிருக்கின்றன.

முடிச்சு உண்டாவது எப்படி? எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு மெத்தைபோல் அமைந்திருக்கிறது. அதில் ஏற்படும் சேதத்தைச் சரீரம் தானே ஓரளவு பழுது பார்த்து வருகிறது. பழுது பார்ப்பது சேதத்துக்கு ஈடு கொடுக்காமற் போனால் மெத்தை மெலிகிறது. எலும்பின் ஓரத்தில் புதிய எலும்பு வளர்கிறது. அந்த வளர்ச்சிதான் நம் கைக்குத் தட்டுப்படும் முண்டு. ஆரம்பத்தில் சில காலம் சிவந்து வீங்கி வலிக்கும். பிறகு பலருக்கு வலி தணிந்து முண்டு மட்டும் நின்றுவிடும். கட்டை விரலின் அடி மூட்டில் தேய்வு கண்டால்தான் சங்கடம் அதிகம். ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருகுவதும் பூட்டில் சாவியைத் திருப்புவதும் பிரயாசையாகிவிடும்.

இரட்டையர் சொன்ன சாட்சி

இது குடும்பத்தில் தொடர்ந்து வருகிறது என்பதை முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்து வைத்தியர் ராபர்ட் ஸ்டெச்சர். முடிச்சுள்ள ஸ்திரீகளின் தாய்மாரையும் சகோதரிகளையும் அவர் பரிசோதித்தார். பொது ஜனங்களிடையே காண்பதைவிடத் தாய்மாரிடம் இரண்டு மடங்கும் சகோதரிகளிடம் மூன்று மடங்கும் முடிச்சுகள் இருப்பதாக 1941-இல் எழுதினார். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் குணங்களைத் தாங்கி நிற்கும் நுண்பொருளுக்கு 'ஜீன்' என்று பெயர். ஒரே ஒரு ஜீன்தான் இதற்குக் காரணம் என்பது ஸ்டெச்சரின் கருத்து. ஆனால் 1963-இல் இங்கிலாந்தில் கெல்கிரனும் அவருடைய கூட்டாளிகளும், ஒன்றல்ல, பல ஜீன்கள் சேர்ந்தே இதை உண்டாக்குகின்றன என்று கருதினார்கள். அந்த அபிப்பிராயமே நிலைத்தது.

"ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு, ஒரே வேலை, அதனாலும் ஒரே நோய் வரலாம் அல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை தருபவர்கள் இரட்டைப் பிள்ளைகள். இரட்டையரில் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களுக்கு ஜீன்கள் அநேகமாக முற்றிலும் ஒன்றே. இரு வேறு கருவிலிருந்து பிறந்தவர்களுக்கு, மற்றச் சகோதரிகளைப் போலவே, ஏறக்குறையப் பாதிதான் பொது. வீடும் வளர்ப்பும் இரு வகையினருக்கும் சமம். லண்டனில் 48 முதல் 70 வயது வரையுள்ள 130 ஒரு கரு இரட்டையர் ஜோடிகளையும் 120 இரு கரு இரட்டையர் ஜோடிகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார்கள். அத்தனை பேரும் பெண்கள். முடிவு 1996-இல் வெளியாயிற்று. கை, முழங்கால் மூட்டுத் தேய்வில் பரம்பரையின் பங்கு நூற்றுக்கு 39 முதல் 65 வரை என்று தெரிந்தது.

இந்தக் கணக்கைச் சரியாகப் புரிந்து கொள்ள வேண்டும். தாய்க்கு இருந்தால் மகளுக்கு நூற்றுக்கு 65 பங்கு நிச்சயம் என்று இதற்கு அர்த்தமல்ல. ஒரு கூட்டத்து ஜனங்களுக்குள் காணும் வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு ஜீன்களால் ஏற்படுகிறது என்பதையே அது சொல்கிறது. தனி மனிதரின் ஜாதகத்தை அது கணிப்பதில்லை.

பிற்காலத்தில் ஜீன்களையே நேராகப் படிக்கும் வித்தை வந்தது. வைட்டமின் 'ஏ'யிலிருந்து சரீரம் தயாரிக்கும் ஒரு பொருளோடு சம்பந்தப்பட்ட ஜீனில் காணும் மாறுதல், கடுமையான கை மூட்டுத் தேய்வோடு சேர்ந்து வருவதாக 2014-இல் ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்துப் படியாமல் தடுக்கும் ஜீன் ஒன்றுக்கும் பங்குண்டு என்று 2017-இல் ஹாலந்திலிருந்து செய்தி வந்தது. பிறகு 2021-இல் 8,26,690 பேரின் விவரங்களைச் சேர்த்து ஆராய்ந்து, மூட்டுத் தேய்வோடு தொடர்புள்ள 100 மாறுதல்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை தனித்தனியே செய்யும் காரியம் அற்பம்.

வம்சம் மட்டுமா?

ஜீன்களின் பங்கு போக மீதி எங்கே? வயது ஒரு காரணம். ஸ்திரீகளுக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தை ஒட்டி இது அதிகமாகத் தலை காட்டுகிறது. பழைய அடியும் முறிவும் ஒரு காரணம். சரீர பாரமும் காரணம் என்றால் ஆச்சரியமாயிருக்கும். விரலால் யாரும் நடப்பதில்லையே! கொழுப்பிலிருந்து ரத்தத்தில் கலக்கும் சில பொருள்கள் மூட்டைப் பாதிக்கலாம் என்று கருதுகிறார்கள்.

வேலையின் பங்கைப் பற்றிப் பின்லாந்தில் ஒரு ருசிகரமான ஆராய்ச்சி நடந்தது. பெண் பல் வைத்தியர்களையும் பள்ளி ஆசிரியைகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார்கள். நாள் முழுதும் கருவியைப் பிடித்து வேலை செய்யும் பல் வைத்தியர்களுக்கே தேய்வு அதிகம் என்றுதானே நினைப்போம்? மொத்தத்தில் ஆசிரியைகளுக்கே அதிகமாயிருந்தது! ஆனால் கடுமையான தேய்வு மாத்திரம், பல் வைத்தியர்கள் கருவியைப் பிடிக்கும் வலக்கைக் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் ஆகியவற்றில் அவர்களுக்கே மிகுதி. ஆகவே அம்மா சொன்ன ஆட்டுக்கல்லையும் அடியோடு தள்ளிவிடுவதற்கில்லை. எந்த விரலில் எவ்வளவு என்பதில் உழைப்புக்கும் பங்குண்டு.

நெட்டி முறிக்கும் கட்சிக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்க வைத்தியர் டொனால்ட் அங்கர் ஐம்பது வருஷம் இடக்கை விரல்களை மட்டும் தினம் இரு முறையாவது நெட்டி முறித்து, வலக்கையைச் சும்மா விட்டு வைத்தார். இரு கையிலும் வாதமில்லை என்று 1998-இல் எழுதினார். ஒருவருடைய கை முடிந்த சாட்சியாகாது. எனினும் திருஷ்டி கழிக்கும் பாட்டிமார் பயப்பட வேண்டியதில்லை.

தாமதத்தின் விலை

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், நாற்பது வயது அம்மையாருக்குக் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவில்லை. "உன் அம்மாவுக்கும் இப்படித்தானே?" என்று சொல்லித் தைலம் தடவியே இரண்டு வருஷம் போயிற்று. முடிவில் வைத்தியரிடம் போனபோது அது தேய்வல்ல, முடக்கு வாதம் என்று தெரிந்தது. அதற்குள் சில விரல்கள் கோணிவிட்டன. முடக்கு வாதத்தை ஆரம்பத்திலேயே மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளால் அடக்கினால் மூட்டுகளைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். அந்த அம்மையார் இழந்த இரண்டு வருஷமோ திரும்பி வராது.

ஆகையால் வித்தியாசத்தை அறிந்து கொள்வது அவசியம். தேய்வில் முண்டு கெட்டியாயிருக்கும். நுனிக் கணு, நடுக் கணு, கட்டை விரலின் அடி ஆகிய இடங்களில் வரும். காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்கு வாதத்தில் வீக்கம் மெத்தென்றிருக்கும். உள்ளங்கையோடு விரல் சேரும் மொளியிலும் மணிக்கட்டிலும் பெரும்பாலும் இரு கையிலும் வரும். விறைப்பு ஒரு மணியோ அதற்கு மேலுமோ நீடிக்கும். சோரியாஸிஸ் என்னும் செதில் உதிரும் தோல் நோய் உள்ளவர்களுக்கு நுனிக் கணுவிலும் வேறொரு வாதம் வருவதுண்டு. சந்தேகமிருந்தால் வைத்தியர் பரிசோதித்துத் தீர்மானிக்கட்டும்.

தேய்வுதான் என்று தெரிந்தால், அதை நிறுத்தி வைக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆயினும் வலியைக் குறைக்கவும் கையைப் பழக்கத்தில் வைத்திருக்கவும் வழிகள் உண்டு. இளஞ்சூட்டு வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டலாம். பருத்த கைப்பிடியுள்ள கரண்டியும் கத்தியும் விரலுக்கு வேலையைக் குறைக்கும். கட்டை விரலுக்கு அணைப்புப் பட்டை உதவும். வலி மிகுந்த நாளில் தடவும் மருந்தை வைத்தியரைக் கேட்டு உபயோகிக்கலாம்.

நாமும் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் இருவர் கையையும் காட்டி வந்தோம். இரண்டும் தேய்வுதான். இருபது வருஷத்தில் அம்மா கையை ஒரு வைத்தியர் பார்த்தது இதுவே முதல் தடவை! வீடு திரும்பியதும் நம் பெண் தன் விரல்களை நீட்டி, "எனக்கும் வருமா?" என்று கேட்டாள். "வரலாம், வராமலும் இருக்கலாம். வலித்தால் அன்றைக்கே சொல்லு" என்றோம். ஊறுகாய் ஜாடியை அவள் வாங்கித் திறந்து பாட்டியிடம் கொடுத்தாள்.