மிதித்த சக்தி எங்கே போகிறது?

தொடக்கநிலை ரோடு பைக் வாங்கிய பலரும் சில மாதங்களில் ஒரு காரியம் செய்வார்கள். நண்பரின் விலையுயர்ந்த சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு தங்களுடையதைத் தூக்குவார்கள். அது 7 கிலோ, இது 10 கிலோ. அந்த 3 கிலோதான் நம்மைப் பின்னுக்கு இழுக்கிறது என்று அங்கேயே முடிவாகிவிடும். அன்று தொடங்கி கார்பன் சீட் போஸ்ட், கார்பன் ஹேண்டில்பார் என்று கிராம் கணக்கில் பணம் கரையும்.

கை சொல்வதைக் கணக்கு ஒப்புக்கொள்வதில்லை. 75 கிலோ ஆள் 10 கிலோ சைக்கிளில் ஏறினால் சாலையில் நகர்வது 85 கிலோ. சமதரையில் ஒரே சீரான வேகத்தில் போகும்போது இந்த எடை டயரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்துகிறது, அவ்வளவே. எடை தன் முகத்தைக் காட்டுவது மலையில். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அது கூடவே வரும். ஆனால் அங்கேயும் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 85 கிலோவை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் ஏறக்குறைய 8,34,000 ஜூல் வேண்டும். நிதானமாக 150 வாட் கொடுக்கும் கால்களுக்கு அது ஒன்றரை மணி நேர வேலை. சைக்கிளில் 1 கிலோவைக் குறைத்தால் அதில் மிச்சமாவது ஒரு நிமிடமும் சில நொடிகளும். பந்தயக்காரருக்கு அது பெரிது. மற்றவர்களுக்கு, பாதித் தண்ணீரோடு ஏறினாலே அதில் ஒரு பகுதி செலவில்லாமல் கிடைத்துவிடும்.

அப்படியானால் மிதிக்கிற சக்தியெல்லாம் எங்கே போகிறது? பெரும்பகுதி காற்றுக்குப் போகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற சமமான பாதையில், காற்று அசையாத விடியற்காலையில், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போக சுமார் 160, 170 வாட் தேவைப்படும். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு காற்றை விலக்கவே செலவாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை டயர் தின்கிறது. செயினுக்கும் பேரிங்குகளுக்கும் சேர்த்து ஒரு சில வாட்தான். காற்றின் கணக்கு இன்னும் கடுமையானது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை எதிர்த்துத் தர வேண்டிய திறனோ எட்டு மடங்காகும். அந்தக் காற்றில் பெரும்பகுதியைச் சந்திப்பது சைக்கிள் அல்ல, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உடம்பு.

இதை உலகுக்கு நிரூபித்தவர் ஸ்காட்லாந்தின் கிரேம் ஒப்ரீ. ஒரு மணி நேரத்தில் அதிகத் தூரம் ஓட்டும் உலக சாதனை 1984 முதல் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசரிடம் இருந்தது: 51.151 கி.மீ. அதை அவர் செய்தது கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள மெக்சிகோ நகரில். அங்கே காற்றே மெலிந்தது. ஒப்ரீ 1993 ஜூலை 17 அன்று நார்வேயின் ஹாமர் நகரில், தாழ்வான நிலத்தின் அடர்ந்த காற்றில், தானே செய்த சைக்கிளில் 51.596 கி.மீ. ஓட்டினார். அந்தச் சைக்கிளில் ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின் பேரிங்கூட இருந்தது. ஆனால் ரகசியம் பேரிங்கில் இல்லை. கைகளை மடக்கி மார்புக்கு அடியில் செருகிக்கொண்டு, காற்றுக்கு முன்னால் தன்னைச் சின்னதாக்கிக்கொண்டார். ஆறே நாளில் இங்கிலாந்தின் கிரிஸ் போர்ட்மேன் 52.270 கி.மீ. ஓட்டி அதை முறியடித்தார். அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் ஒப்ரீ உட்கார்ந்த அந்த நிலைக்குத் தடை போட்டது. உடம்பை மடக்கும் விதம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே முதல் மேம்பாட்டுக்குக் காசே வேண்டியதில்லை. ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதியைப் பிடித்து, முழங்கையைச் சற்று மடக்கினால் போதும். முதுகு வலித்து அப்படி இருக்க முடியவில்லை என்றால், சீட் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். தேவைப்பட்டால் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை நீளம் குறைந்த ஒன்றாக மாற்ற வேண்டும். கார்பன் சீட் போஸ்டின் விலையில் அது ஒரு சிறு பகுதிதான்.

பணம் கொடுத்து வாங்குவதில் முதல் இடம் டயருக்கு. எனக்கு இதில் துளியும் சந்தேகமில்லை. 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அந்த 85 கிலோவைத் தாங்கும் இரண்டு டயர்களும் சாலையைத் தொடும் இடம் மொத்தம் 15 சதுர சென்டிமீட்டர். மூன்று பத்து ரூபாய் நாணயங்களுக்கும் குறைவு. சக்கரம் உருளும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் அங்கே வந்து தட்டையாகி, மறுபடி வட்டத்துக்குத் திரும்புகிறது. தட்டையாக்க நாம் கொடுத்த சக்தியை ரப்பர் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கை வெப்பமாக்கி வைத்துக்கொள்கிறது. ரப்பரும் அதற்குள் இருக்கும் நூலடுக்கும் எவ்வளவு தடிமனோ அவ்வளவு இழப்பு.

தொடக்கநிலை சைக்கிளோடு வரும் டயரை ரிம்மிலிருந்து கழற்றி விரல்களுக்கிடையே பிசைந்து பாருங்கள். பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். விளிம்பில் இரும்புக் கம்பி ஓடும். நல்ல டயரோ துணிபோல் மடியும், அதன் விளிம்பில் இருப்பது அராமிட் இழை. அந்த இழைக்கு ஒரு கதை உண்டு. 1965இல் டூபான்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலாளர், கார் டயருக்கு இரும்பைவிட லேசான, உறுதியான இழை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கெவ்லார் என்ற அராமிட் இழை பிறக்க வழி திறந்தது. குண்டு துளைக்காத சட்டையாக உலகப் புகழ் பெற்ற அந்த இழை, சைக்கிள் டயரின் விளிம்பில் தன் பழைய நோக்கத்துக்குப் பக்கத்திலேயே வேலை செய்கிறது. மலிவான டயரிலிருந்து நல்ல டயருக்கு மாறினால் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 15 வாட் அளவுக்கு மிச்சமாகலாம்.

அகலமான டயர் மெதுவானது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. ஒரே அழுத்தத்தில் 28 மி.மீ. டயரும் 23 மி.மீ. டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அகல டயரில் அந்தப் பரப்பு குட்டையாகவும் அகலமாகவும் விழுகிறது. டயர் குறைவாகவே நசுங்குகிறது, இழப்பும் குறைகிறது. காற்றைக் கல்லாக அடைப்பதும் உதவாது. நம் சாலைகளின் சொரசொரப்பில் விறைத்த டயர் ஒவ்வொரு கல்லுக்கும் எகிறும். அந்த அதிர்வை உள்வாங்குவது ஓட்டுபவரின் தசைகள். அங்கே போன சக்தி திரும்பாது. அகல டயருக்கு ஃபிரேமிலும் பிரேக்கிலும் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கேபிள். 8 கியர் ஷிமானோ அமைப்பில் லிவரை ஒருமுறை தட்டினால் கேபிள் நகர்வது சுமார் 2.8 மி.மீ.; பின்னால் செயின் தாவ வேண்டிய தூரம் 4.8 மி.மீ. நடுவில் அரை மில்லிமீட்டர் எங்காவது தொலைந்தால் கியர் கரகரவென்று தடுமாறும். அது தொலைவது பெரும்பாலும் துருப்பிடித்த கேபிளில் அல்லது அதைப் போர்த்தியிருக்கும் அவுட்டர் குழாய் நசுங்கிய இடத்தில். பிரேக் அவுட்டரை வெட்டிப் பார்த்தால் தட்டையான இரும்புப் பட்டை சுருளாகச் சுற்றியிருக்கும். வளைத்தால் சுருளின் நீளம் சற்று மாறும். பிரேக்குக்கு அது பொருட்டில்லை. கியருக்குப் பொருட்டு என்பதால் கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் படுத்திருக்கும். இந்த அவுட்டரை மறந்தும் பிரேக்குக்குப் போடக்கூடாது, அழுத்தத்தில் பிளந்துவிடும். சில நூறு ரூபாய்க்குக் கேபிளையும் அவுட்டரையும் புதிதாக்கினால் கியர் மாற்றும் உணர்வே வேறாகிவிடும். அதே கையோடு பிரேக் கட்டைகளையும் மாற்றிவிடுவது நல்லது. கம்பெனி கொடுக்கும் கெட்டியான கட்டை மழையில் வழுக்கும்; மென்மையான ரப்பர் ரிம்மைக் கவ்விப் பிடிக்கும்.

லிவர், செயினைத் தாவவைக்கும் டிரெய்லியர், செயின், பற்சக்கரம் எல்லாம் அடங்கிய முழு கியர் தொகுதியைத்தான் பலர் முதலில் மாற்றத் துடிக்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். 1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு சைக்கிள் செயினைச் சோதித்தபோது, அது தன்னிடம் வந்த சக்தியில் 98.6 விழுக்காடு வரை பின்சக்கரத்துக்குக் கடத்தியது. விலை கூடிய தொகுதி வாங்கினாலும் மீட்க மிச்சமிருப்பது சொற்பம். தவிர, 8 கியர் செயினின் அகலம் 7 மி.மீ., 11 கியர் செயினுடையது 5.5 மி.மீ. ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். செலவு சைக்கிளின் விலையையே தொட்டுவிடும்.

இருக்கும் செயினைக் கவனிப்பதே லாபம். அதன் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம். 24 இடைவெளிகள் சரியாக ஓர் அடி. செயின் நீள்வதாகச் சொல்கிறோம், உண்மையில் இரும்பு நீள்வதில்லை. பின்கள் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். 12 அங்குலக் கோட்டைத் தாண்டி 24ஆவது பின் ஒன்றரை மில்லிமீட்டர் போயிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 3 மில்லிமீட்டர் போயிருந்தால் பற்சக்கரங்களும் அதோடு தேய்ந்திருக்கும், புதுச் செயின் அவற்றின்மேல் வழுக்கும். முதல் எல்லையிலேயே மாற்றிவந்தால் ஒரே பற்சக்கரத் தொகுதி பல செயின்களைப் பார்த்துவிடும். அதுவும் முன்பற்சக்கரங்களும் லிவரும் ஒருசேரத் தேய்ந்து நிற்கும் நாளில் 9 கியருக்கோ 10 கியருக்கோ தாவலாம். எப்படியும் செய்யவேண்டிய செலவுதான் அப்போது.