``சாப்பிட்டுட்டேம்மா!" - நம்பலாமா? டீன்ஏஜ் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு...

அப்பாவுக்கு நைட் ஷிப்ட், அம்மாவுக்கு ஜெனரல் ஷிப்ட். ஓசூர் சிப்காட்டை நம்பி வாழும் பல வீடுகளில், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை வாய்த்தாலே பெரிய விஷயம். டீன்ஏஜ் மகள் தட்டில் போட்டதைச் சாப்பிட்டாளா, குப்பையில் கொட்டினாளா... யார் பார்த்தது?

2025 மார்ச்சில், கேரளாவின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். அப்போது அவரின் எடை சுமார் 24 கிலோதான். குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் ஆன்லைன் டயட்டைப் பின்பற்றி, மாதக்கணக்கில் உணவைக் குறைத்துவந்தார் என்றன செய்திகள். `அனோரெக்ஸியா நெர்வோசா' என்றார்கள் மருத்துவர்கள். எலும்பும் தோலுமாக இருந்தாலும், `நான் குண்டாக இருக்கிறேன்' என்றே நம்பவைக்கும் மனநலப் பிரச்னை இது. திட்டினால் சரியாகிவிடும் அடம் அல்ல.

மாதவிடாய் நின்றுபோவது, வெயிலிலும் குளிர்வது, முடி கொட்டுவது, தலைச்சுற்றல், சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது எல்லாம் எச்சரிக்கை மணிகள். சாப்பிட்டவுடன் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொள்வதையும் கவனியுங்கள். அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுக்கும் `புலிமியா'வாக இருக்கலாம். இதில் எடை குறையாமலும் இருக்கும் என்பதால், வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. பையன்களுக்கும் இவை வரும்.

அதற்காக உடல் பருமன் பிரச்னையே இல்லை என்று சொல்லவில்லை. 5 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில், எடை குறைந்தவர்களைவிட உடல் பருமன் உள்ளவர்கள் உலக அளவில் அதிகமாகிவிட்டார்கள் என்று 2025-ல் யுனிசெஃப் சொன்னது. பப்ஸும் கூல்டிரிங்க்ஸும் குறையட்டும். ஆனால், மொத்தக் குடும்பத்துக்கும் குறையட்டும். மகளுக்கு மட்டும் தனித் தட்டு வைத்து, ``மாம்பழத்தைத் தொடாதே" என்பது, அதுவும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கொஞ்சம் கொடுமைதான். `குண்டம்மா' கிண்டலும் வேண்டாம். பெரியவர்களுக்கான பி.எம்.ஐ அளவுகோலை வைத்து நீங்களே முடிவுக்கு வராதீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு வயது, பாலினத்துக்கேற்ற தனி அட்டவணை உண்டு. குழந்தைநல மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

மனநல ஆலோசனைக்கு, 14416 என்ற `டெலி மானஸ்' எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பெங்களூருவின் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது நிம்ஹான்ஸ். வளரிளம் பருவத்தினருக்கென்று அங்கே தனி மனநலப் பிரிவு உண்டு.

ஒன்று முக்கியம். பல வாரங்கள் பட்டினி கிடந்த பிள்ளைக்குப் பதறிப்போய் ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் தாது உப்புகளின் அளவு சட்டென்று குறைந்து, இதயத்தையே பாதிக்கலாம். மருத்துவரின் மேற்பார்வையில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உணவைக் கூட்ட வேண்டும்.