எட்டாவது ஆள் எங்கே?

பொங்கல் விழாவுக்கு இன்னும் ஆறு வாரம். மண்டபத்தில் எட்டுக் கயிறுகள் தொங்குகின்றன. ஏழு பேர் வந்துவிட்டார்கள். எட்டாவது பெண்ணுக்கு வேலையிடத்தில் ஓவர்டைம். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு எல்லாரும் வீடு திரும்புகிறார்கள். பின்னல் கோலாட்டக் குழு நடத்திப் பார்த்தவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல.

பரதத்தைத் தனியாக ஆடலாம். கும்மியில் ஒருவர் குறைந்தால் வட்டத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். பின்னல் கோலாட்டத்தில் அது நடக்காது. பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் சுற்றி, எதிரே வருபவருக்கு ஒருமுறை உள்பக்கம், ஒருமுறை வெளிப்பக்கம் என நகர்ந்தால்தான் கயிறு பின்னும். அதே அடிகளைத் திருப்பிப் போட்டால்தான் பின்னல் பிரியும். ஆட்கள் இரட்டைப்படையில் இல்லையென்றால் ஆட்டமே இல்லை.

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் ஆள் சேர்ப்பது ஒரு வேலையாகவே இருந்ததில்லை. லயத்தில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். பால்மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன. தோட்ட மக்கள் சித்தியவான், ஆயர் தாவார், லூமுட் எனத் தாமான்களுக்குப் பிரிந்து போனார்கள். இன்று கடற்படைத் தளத்திலும் மஞ்சோங் மின்நிலையத்திலும் 2014-இல் திறக்கப்பட்ட தெலுக் ருபியா இரும்புத்தாது முனையத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு ஷிப்டு நேரம் வேறு வேறு. ஆனால் ஆட்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாசிமகத்துக்குப் பங்கோர் காளியம்மன் கோயிலுக்குப் போக லூமுட் படகுத்துறையில் திரளும் கூட்டமே அதற்குச் சாட்சி.

இதே சிக்கல் கடல் கடந்தும் உண்டு. அமெரிக்காவின் சதுர நடனமும் சரியாக எட்டுப் பேர் ஆடுவது. நான்கு ஜோடிகள் சதுரத்தின் நான்கு பக்கமும் நிற்க, ‘காலர்’ என்பவர் அடுத்த அடியைக் குரல் கொடுத்துச் சொல்வார். 1920-களில் கார் அதிபர் ஹென்றி ஃபோர்டு அதை ஊக்குவித்தார். பின்னர் பள்ளி உடற்கல்வி வகுப்புகளிலும் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் மன்றங்களில் கற்க வேண்டிய அடிகள் கூடிக்கொண்டே போயின. புதிதாக வருபவர் முழு ஆட்டத்தில் சேரப் பல மாதம் வகுப்புக்குப் போக வேண்டிய நிலை வந்தது. இளையோர் வரத்து குறைந்தது. பழைய உறுப்பினர்களுக்கு வயதாகியது.

அந்த மன்றங்கள் கண்ட வழிகளில் இரண்டு நமக்கும் பொருந்தும். ஒன்று, முதல் நாள் இலவசம். வந்த அன்றே ஆடிவிட்டுப் போகலாம். இரண்டு, ‘ஏஞ்சல்’ முறை. பழகிய உறுப்பினர்கள் வகுப்புக்கு வந்து புதியவர்களோடு சேர்ந்து ஆடுவார்கள். புதியவர் தடுமாறினாலும் ஆட்டம் நிற்காது. அவருக்கு வெட்கமும் வராது.

நம் கோலாட்டத்துக்கு இதை எப்படிக் கொண்டுவரலாம்?

முதலில் கயிற்றை ஒதுக்கி வையுங்கள். வெறும் கோலோடு, இருவர் எதிரெதிரே நின்று நாலு தட்டு. பத்து நிமிடத்தில் யாருக்கும் வந்துவிடும். பின்னலை மூன்றாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம். புதியவரோடு புதியவரை ஜோடி சேர்க்காதீர்கள்.

எட்டுப் பேர் தேவையென்றால் பன்னிரண்டு பேரைப் பழக்குங்கள். ஷிப்டு வேலைக்காரர்கள் எல்லா வாரமும் வர முடியாது. ‘வராவிட்டால் நீக்கம்’ என்ற விதி, வரக்கூடியவரையும் விரட்டிவிடும்.

வாட்ஸ்அப்பில் போஸ்டர் போட்டால் கைகூப்பும் படங்கள் வரும், ஆள் வரமாட்டார். “வியாழக்கிழமை நான் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்” என்று ஒருவர் ஒருவரிடம் சொன்னால்தான் கால் நகரும். உறுமி மேளத்துக்குப் பையன்கள் தாமாக ஓடுவதற்குக் காரணம், அது தெருவில், கண்முன்னே நடப்பதுதான். கோலாட்டப் பயிற்சியையும் மண்டபத்தின் கதவைத் திறந்து வைத்து நடத்தினால் என்ன? மகளைக் கொண்டுவந்து விடும் அப்பா காரில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்க வேண்டியதில்லை. அவர் கையிலும் இரண்டு கோல் கொடுக்கலாம்.

உடைக்கும் நகைக்கும் பணம் கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதல் மேடைக்கு வீட்டில் இருக்கும் சேலையும் வேட்டியும் போதும்.

தமிழகத்தில் தீபாவளியை ஒட்டி, களிமண்ணால் பசுவும் கன்றும் செய்து வைத்து, பெண்கள் பசுவன் கோலாட்டம் ஆடும் வழக்கம் உண்டு. அங்கே அதற்கு மன்றமோ உறுப்பினர் பாரமோ தேவைப்படவில்லை. தெருவே போதுமானதாக இருந்தது. நமக்கு அந்தத் தெரு கலைந்துவிட்டது. ஒரே தாமானில் பத்தாண்டு வாழ்ந்தும் எதிர்வீட்டுத் தமிழ்க் குடும்பத்தின் பெயர் தெரியாதவர்கள் நம்மில் இருக்கிறோம். கலைந்த தெருவை வாரம் ஒருமுறையாவது திரும்பக் கூட்டிவிடலாம் என்பதுதான் ஒரு கோலாட்டக் குழுவால் கிடைக்கும் பெரிய லாபம். மேடையும் கைத்தட்டலும் அதற்குப் பிறகுதான்.

எட்டாவது ஆள் தொலைவில் இல்லை. பெரும்பாலும் எதிர்வீட்டில்தான் இருக்கிறார். அவரை இதுவரை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.