சுத்தியலின் முகம்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. தன் குறையை மறைக்கக் கருவியின்மீது பழி போடுவோரை எள்ளுதற்கு எழுந்த மொழி அது. ஆயினும், நசுங்கிய மோட்டார் வாகனத்தின் உடலைத் தட்டி நிமிர்த்தும் 'டிங்கரிங்' தொழிலிலே கூடம் மெய்யாகவே கோணலாகிவிடுவதும் உண்டு.

கொச்சிக்கடையிலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் பழைய சோனகத் தெருவின் இரும்புச் சாமான் கடைகளை அடையலாம். அதற்கும் அப்பால், மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன பஞ்சிகாவத்தை உள்ளது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டியைப் பேணுவதன் அருமையைப் பல குடும்பங்கள் உணர்ந்தன. பள்ளிப் படிப்பை முடித்து இத்தொழிலில் இறங்கும் மகனுக்கு, தந்தை கடன்பட்டேனும் கருவி வாங்கிக் கொடுக்கிறார். அப்பணம் பளபளக்கும் பெட்டிக்குப் போவதா, பயன்படும் கருவிக்குப் போவதா என்பதே கேள்வி.

இக்காலக் கார்களின் வெளித்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த கனமுடையது. சுத்தியலின் முகத்தில் உள்ள வடு ஒவ்வொன்றும் அடிக்கு அடி அத்தகட்டில் பதிந்துவிடும். அவ்வடுக்களை மறைக்கப் 'பட்டி'யைத் தடித்துப் பூசினால், நாளடைவில் அது வெடித்து, உள்ளே துருவும் ஏறும். பழி வந்து விழுவதோ தொழிலாளி மீதே.

ஆகவே, வாங்குமுன் சுத்தியலின் முகத்தைச் சாளர வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சாளரச் சட்டத்தின் நிழலுரு உடையாமல் அதில் தெரிய வேண்டும்; முகத்தின் விளிம்பு கூர்மையின்றிச் சற்றே மழுங்கியிருக்க வேண்டும். அடுத்து, கைப்பிடியின் அடிமுனையை நோக்குங்கள். மரத்தின் ரேகைகள் சுத்தியல் தலையின் நீளவாக்கில் ஓடினால் உறுதி. குறுக்கே ஓடினால் விரைவில் முறியும். இவ்வேலைக்கு 300 முதல் 450 கிராம் வரையிலான இலேசான தலையே போதும். கனத்த சுத்தியல் தகட்டை நிமிர்த்துவதற்குப் பதிலாக நீட்டிவிடும்.

தகட்டின் பின்புறம் பிடிக்கும் உருக்குக் கட்டையை 'டொலி' என்பர். வார்ப்பிரும்பில் செய்தது அடிபட்டு உடையக்கூடும். காய்ச்சி அடித்த உருக்கே சிறந்தது. மெல்லத் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். அதன் வளைவு தகட்டின் வளைவுக்கு ஒத்ததாகவோ சற்றுக் கூடியதாகவோ இருத்தல் அவசியம். தட்டையான கட்டையைப் பிடித்தால் அதன் விளிம்பு தகட்டைக் கீறிவிடும்.

தொடக்கத்தில் தேவைப்படுபவை ஐந்தே: தட்டுச் சுத்தியல் ஒன்று, கூர்முனைச் சுத்தியல் ஒன்று, டொலிக் கட்டை ஒன்று, வளைபல் அரம் ஒன்று, கண்ணாடிக் கவசம் ஒன்று. இறுதியாகக் கூறியதை அற்பமென்று எண்ணற்க. ஒரு சுத்தியலை மற்றொன்றால் அடித்தால், பதப்படுத்திய உருக்குச் சிதறிக் கண்ணையே பறித்துவிடும். அலுமினியத் தகட்டு வேலைக்கு வேறு கருவிகளை ஒதுக்கி வைப்பது நன்று. இரும்புத் துகள் ஒட்டினால் அலுமினியம் அரிக்கப்படும்.

கருவி நல்லதாயினும் கை பழக வேண்டுமல்லவா? 1959 இல் தொடங்கப்பட்டு, மொறட்டுவையில் இயங்கும் இலங்கை ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் மோட்டார்த் தொழிலை முறையாகக் கற்பிக்கிறது. மாணவர்கள் இத்தகைய வழிகளை விசாரித்தறிதல் நலம்.

துறைமுகத்தை அடுத்த கொச்சிக்கடையின் உப்புக்காற்று இரும்புக்குப் பகை. வேலை முடிந்ததும் முகத்தைத் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். சிறு வடுவைக் கண்டால் நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து மெருகிடுங்கள். ஆயுத பூசையன்று கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவோர் நம்மிடையே பலர். அந்த ஒருநாள் வணக்கத்தை ஆண்டின் எல்லா மாலைகளிலும் ஒரு சொட்டு எண்ணெயாகச் செலுத்தினால், தந்தை வாங்கிய சுத்தியல் பேரன் கையிலும் பழுதின்றித் தட்டும்.