கன்னத்தில் மின்னும் நட்சத்திரம்... பருவைப் போக்குமா பிம்பிள் பேட்ச்?

காலை எட்டு மணிக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கல்லூரிக்குப் போகிற கூட்டத்தில் யாராவது ஒருவர் கன்னத்திலோ தாடையிலோ மஞ்சள் நட்சத்திரமோ, ரோஸ் கலர் இதயமோ ஒட்டியிருக்கும். “கண்ணு, பொட்டு நழுவிக் கன்னத்துக்கு வந்துடுச்சு பாரு” என்று பக்கத்து சீட் பாட்டி அக்கறையோடு சொல்லவும் செய்வார். அது பொட்டு இல்லை பாட்டி, பருவுக்கு ஒட்டுகிற ‘பிம்பிள் பேட்ச்’!

ஆன்லைனில் மட்டும் கிடைத்துக்கொண்டிருந்த இந்த பேட்ச் இப்போது ஃபேன்சி ஸ்டோர்களுக்கும் வந்துவிட்டது. பாக்கெட் மணியில் வாங்கும் பிள்ளைகளும், “இதெல்லாம் வேலை செய்யுமா?” என்று கேட்கும் பெற்றோரும் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். வேலை செய்யும். ஆனால், அது செய்கிற வேலைக்கு ஓர் எல்லை உண்டு. அது என்னவென்று தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், முகமும் மிச்சம்.

புண்ணுக்குப் போட்ட கட்டு!

இந்த பேட்ச்சின் மூலப்பொருள் ஹைட்ரோகொல்லாய்ட். ஆஸ்பத்திரிகளில் படுக்கைப் புண், தீக்காயம், ஆறாத கால் புண் ஆகியவற்றின் மேல் ஒட்டும் கட்டாக 1980களிலிருந்து பயன்படுகிறது. பெக்டின், ஜெலட்டின், செல்லுலோஸ் போன்ற, நீரை உறிஞ்சும் பொருட்களைக் கொண்டு செய்வார்கள். புண்ணில் கசியும் நீரை இழுத்துக்கொண்டு ஜெல்லாக மாறும். வெளியிலிருந்து அழுக்கு, கிருமி போகாமல் மூடி வைக்கும்.

இதையே பொட்டு அளவுக்கு வெட்டிப் பருவின் மேல் ஒட்டும் பழக்கத்தைப் பிரபலமாக்கியவை கொரிய நிறுவனங்கள். அவை கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வட்டங்களாகத்தான் இருந்தன. 2019இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்டார்ஃபேஸ்’ நிறுவனம் மஞ்சள் நட்சத்திர வடிவில் கொண்டுவந்ததும் கதை மாறியது. மறைக்க வேண்டிய பரு, அலங்காரம் ஆனது.

இதுவும் புதிதல்ல. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பிரபுக்கள் வீட்டுப் பெண்களும் ஆண்களும் அம்மைத் தழும்பை மறைக்கக் கறுப்புப் பட்டுத் துணியை நட்சத்திரமாகவும் பிறையாகவும் வெட்டி முகத்தில் ஒட்டிக்கொண்டார்கள்.

எந்தப் பருவுக்குப் பலன்?

சருமத்தின் எண்ணெய்ச் சுரப்பி அதிகமாகச் சுரந்து, இறந்த செல்களோடு சேர்ந்து துளையை அடைத்து, உள்ளே பாக்டீரியா பெருகி வீங்குவதுதான் பரு. பழுத்து, தலையில் வெள்ளையாகச் சீழ் தெரியும் பருவுக்கு பேட்ச் நன்றாக உதவும். கிள்ளிவிட்ட பருவில் நீர் கசிந்துகொண்டிருந்தாலும் ஒட்டலாம். சீழும் நீரும் வடிந்து வீக்கம் சீக்கிரம் அமுங்கும்.

மூக்கின் மேல் இருக்கும் கரும்புள்ளி, நெற்றியில் பொடிப்பொடியாக வரும் முட்கள், தாடையில் கல் போலக் கெட்டியாக வலிக்கும் பரு ஆகியவற்றுக்கு ஒட்டுவது வீண். வாயே திறக்காத பருவிலிருந்து பேட்ச் எதை உறிஞ்சும்?

அடுத்த பரு வருவதையும் இது தடுக்காது. காலையில் உரித்துப் பார்க்கும்போது வெள்ளையாக உப்பியிருப்பது முழுக்கச் சீழ் என்று நினைத்து மகிழ வேண்டாம். சருமத்தின் ஈரத்தை இழுத்து பேட்ச் ஜெல்லாக மாறியதும் அதில் சேர்த்திதான்.

கிள்ளாமல் காப்பதுதான் பெரிய லாபம்!

வெள்ளைத் தோல்காரர்களுக்குப் பரு போனதும் அந்த இடத்தில் சில வாரங்கள் சிவப்பாக இருக்கும். நம் போன்ற மாநிறம், கறுப்பு நிறச் சருமத்தில் அப்படியல்ல. வீக்கம் வந்த இடத்தில் மெலனின் கூடுதலாகச் சுரந்து கருந்திட்டு விழுந்துவிடும். பரு நான்கு நாளில் போய்விடும். திட்டு போக மாதக்கணக்கில் ஆகும். கிள்ளினால், நசுக்கினால் திட்டு இன்னும் கறுக்கும். சிலருக்குப் பள்ளமாகத் தழும்பே விழும்.

படிக்கும்போது, போன் பார்க்கும்போது, பரீட்சை டென்ஷனில் என நம்மை அறியாமலேயே கை பருவுக்குப் போகிறது. அந்தக் கைக்கும் பருவுக்கும் நடுவில் ஒரு தடுப்பு போடுகிறது பேட்ச். அது செய்கிற வேலைகளில் முக்கியமானது இதுதான்.

எப்படி ஒட்டணும்?

* மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுங்கள். கையையும் கழுவுங்கள்.
* பேட்ச்சுக்கு அடியில் கிரீம், எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. ஒட்டாது. மாய்ச்சரைசரை ஒட்டிய பிறகு சுற்றிலும் தடவலாம்.
* பருவைவிடச் சற்றுப் பெரிய அளவில் ஒட்டி, விரலால் சில நொடிகள் அழுத்துங்கள்.
* 6 முதல் 8 மணி நேரம் இருக்கட்டும். வெள்ளையாக உப்பி, ஓரம் தூக்கினால் மாற்றிவிடுங்கள். ஒருமுறை உரித்ததைத் திரும்ப ஒட்டக் கூடாது.
* பிய்த்து இழுக்காதீர்கள். ஓரத்தை நனைத்து மெதுவாக உரியுங்கள்.

கடலூர், சிதம்பரம் போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் பகலில் வேர்வையிலேயே பேட்ச் கழன்றுவிடும். அதனால், இரவில் ஒட்டுவதே லாபம். சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரியையொட்டி நடக்கும் நாட்டியாஞ்சலி போன்ற விழாக்களில் ஆடுகிறவர்களும் இதைக் கவனிக்கலாம். கனமான மேக்கப் துளைகளை அடைக்கும். மேக்கப்புக்கு அடியில் பேட்ச் நிற்காது. ஆடி முடித்ததும் மேக்கப்பை முழுவதும் எடுத்துவிட்டு, முகம் கழுவி, பழுத்த பரு இருந்தால் அன்றிரவு ஒட்டிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கவனம்!

கலர் கலராக இருப்பதெல்லாம் பிம்பிள் பேட்ச் அல்ல. நோட்டில் ஒட்டும் ஸ்டிக்கரை முகத்தில் ஒட்டினால் அரிப்புதான் மிஞ்சும். கவரில் ஹைட்ரோகொல்லாய்ட் என்ற பெயர், தயாரித்த நிறுவனம், காலாவதி தேதி ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சாலிசிலிக் அமிலம், டீ ட்ரீ எண்ணெய் சேர்த்தவையும் உண்டு. சென்சிட்டிவ் சருமம் என்றால் எதுவும் சேர்க்காததே நல்லது.

பசையால் வரும் ஆபத்து நமக்குத் தெரியாததல்ல. ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடத்தில் நெற்றி வெளுத்துப்போன அக்காக்களைப் பார்த்திருப்போம். சில பொட்டுகளின் பசையில் இருந்த பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனமே காரணம் என்று 1990 வாக்கிலேயே இந்தியத் தோல் மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். எனவே, பேட்ச் ஒட்டிய இடம் அதே வடிவத்தில் சிவந்தாலோ, அரித்தாலோ, வெளுத்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

வீட்டு வைத்தியத்துக்கும் இதே எச்சரிக்கை. எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட், ஜாதிக்காய் இழைத்தது ஆகியவற்றைப் பருவில் வைத்தால் எரிச்சலாகி, திட்டு கூடுவதே அதிகம்.

பேட்ச்சைவிட ஆபத்தான டியூப்!

‘ஒரே வாரத்தில் முகம் பளிச்’ என்று தோழி சொன்ன டியூப்பை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கித் தடவுகிறவர்கள் நிறையப் பேர். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் சிவப்பு அடங்கி, முகம் வெளுத்தது போலத் தோன்றும். பிறகு தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் தெரியும், மீசை இடத்தில் முடி வளரும், பரு முன்பைவிட அதிகமாகக் கிளம்பும். நிறுத்தினால் முகம் எரியும். அதனால் மறுபடி தடவுவார்கள். இந்தச் சிக்கலைப் பார்த்துத்தான் 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பல மாதம் தடவியவர்கள் திடீரென்று தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

எப்போது டாக்டர்?

முகம், மார்பு, முதுகு என்று பரவலாகப் பரு, கெட்டியாக வலிக்கும் கட்டி, பள்ளத் தழும்பு விழத் தொடங்குவது... இவற்றில் எது இருந்தாலும் பேட்ச் பாக்கெட்டை ஓரம் வைத்துவிட்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். மாதவிலக்குத் தள்ளிப்போவது, தாடையில் முடி வளர்வது இரண்டும் சேர்ந்திருந்தால் பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பெரிய செலவு ஆகுமோ என்று தயங்க வேண்டாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக மாறிய மருத்துவமனையும் இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கித் தோல் நோய்ப் பிரிவில் காட்டலாம்.

அடாப்பலீன், பென்சாயில் பெராக்ஸைடு போன்றவற்றை உங்கள் சருமத்துக்கு ஏற்ப மருத்துவர் எழுதித் தருவார். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ‘பத்து நாள் தடவியும் போகவில்லை’ என்று பாதியில் விடுவதால்தான் பலருக்கும் குணமாவதில்லை. பென்சாயில் பெராக்ஸைடு தலையணை உறை, துண்டின் சாயத்தை வெளுக்க வைக்கும். வெள்ளைத் துணி பயன்படுத்துங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

“முகத்தைப் பாரு, நிலா மாதிரி பள்ளமும் மேடுமா” என்று சொந்தக்காரர்கள் கேலி செய்யும்போது பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். பிறகு போட்டோ எடுக்க வர மாட்டார்கள், விசேஷத்துக்கு வர மாட்டார்கள். மகன்களுக்கும் இது உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். அப்படி ஒரு பிள்ளை கன்னத்தில் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டு தலை நிமிர்ந்து கல்லூரிக்குப் போனால் தடுக்காதீர்கள். அதோடு, ஒரு நாள் லீவு போட்டுத் தோல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டும் போய் வாருங்கள்.